நெட்டுக்கு மானியம் உண்டா அண்ணாச்சி? திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில்தான் ஜெராக்ஸ், உள்ளே பாதி வேலை ஆன்லைன் விண்ணப்பம். ஸ்காலர்ஷிப், பட்டா, பென்ஷன், கல்லூரி அட்மிஷன் எல்லாவற்றுக்கும் ஆட்கள் வருகிறார்கள். வந்து உட்கார்ந்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: கரண்டில் 100 யூனிட் சும்மா, ரேஷன் அரிசி சும்மா, டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது, நெட்டுக்கு மட்டும் அரசாங்கம் ஒன்றும் தராதா? தினம் பத்துப் பேருக்குச் சொல்கிற பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் நெட் பில்லுக்கு மானியம் வருகிறதா?

வரவில்லை. கேஸ் மானியம் மாதிரி வங்கிக் கணக்கில் ஏறுகிற நெட் மானியம் என்று தமிழ்நாட்டில் ஒன்று கிடையாது, மத்திய அரசிடமும் கிடையாது. அப்படி ஒரு யோசனை வந்தது உண்மை. 2021 ஆகஸ்டில் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கிராமத்தில் ஃபைபர் போன்ற வீட்டு பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களுக்கு மாதக் கட்டணத்தில் பாதியை, அதிகபட்சம் 200 ரூபாய் வரை, நேரடியாகக் கணக்கில் போடலாம், முதலில் சோதனையாகச் செய்து பாருங்கள் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. யாராவது அந்தச் செய்தியின் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஃபார்ம் நிரப்பித் தருகிறேன், 100 ரூபாய் கொடு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

"பிரதமர் இலவச ரீசார்ஜ்" என்று வாட்ஸப்பில் வந்ததே, லிங்க்கைத் தொட்டால் 28 நாள் இலவசமாமே?

தொடாதீர்கள். 239 ரூபாய் ரீசார்ஜ் இலவசம் என்று சுற்றிய செய்தியை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே பொய் என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் தேர்தல் வந்தால், பொங்கல் வந்தால், தீபாவளி வந்தால் தொகையையும் படத்தையும் மாற்றிக்கொண்டு மறுபடி வரும். லிங்க் உள்ளே போனால் நம்பர் கேட்கும், அப்புறம் ஓடிபி கேட்கும், கடைசியில் பத்து குரூப்புக்கு அனுப்பு என்று சொல்லும். அனுப்புகிறவர்கள் நம் சித்தி, நம் மச்சான்தான், அதனால்தான் நம்பிவிடுகிறோம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

அப்போ நெட்டுக்கு என்று அரசாங்கம் ஒதுக்குகிற கோடிக்கணக்கான பணம் எங்கே போகிறது?

கம்பிக்கும் கோபுரத்துக்கும் போகிறது. நம் ஊர் மானியத்தின் சூத்திரமே அதுதான்: ஆளுக்குப் பணம் தராமல் ஊருக்கு லைன் இழுப்பது. 2011-ல் அனுமதி கிடைத்த திட்டம்தான் இன்று பாரத்நெட் என்ற பெயரில் ஓடுகிறது, நாடு முழுக்க சுமார் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோவது நோக்கம். 2023 ஆகஸ்டில் அதைத் திருத்தி 1,39,579 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, அதில் ஐந்து வருடத்தில் ஒன்றரைக் கோடி கிராமத்து வீடுகளுக்கு இணைப்பு என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலையை டான்ஃபினெட் என்கிற மாநில அரசு நிறுவனம் செய்கிறது, கணக்கு 12,525 ஊராட்சிகள். சாலையோரம் மின்கம்பங்களில் கறுப்பாக ஒரு கேபிள் தொங்கிக்கொண்டே போகிறதே, பல இடங்களில் அது இதுதான்.

பாரத்நெட்டுக்குப் போகிற அந்த நிதிக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

நீங்கள்தான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2002-லிருந்து தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை ஒரு பொது நிதிக்குக் கட்டுகின்றன, முன்பு அதற்கு யுஎஸ்ஓ நிதி என்று பெயர், 2023 சட்டத்துக்குப் பிறகு டிஜிட்டல் பாரத் நிதி. கணக்கைப் பாருங்கள். 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் 45 ரூபாய்க்கு மேல். மிச்சம் 253 ரூபாயில் ஏறக்குறைய 12 ரூபாய் அந்த நிதிக்குப் போகும். வீரவநல்லூரில் பீடி சுற்றுகிற அக்காவும் கட்டுகிறார், பாளையங்கோட்டையில் மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார், விகிதம் ஒன்றுதான். அதனால் இதைத் தர்மம் மாதிரி நினைத்துக் கூச்சப்பட வேண்டாம், கட்டியவர் கேட்கிற கேள்வி.

எங்கள் பஞ்சாயத்து ஆபீஸில் ஃபைபர் பெட்டி வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு எப்போது வரும்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, எரிச்சலான கேள்வியும் இதுதான். எனக்குத் தெரிந்த ஓர் ஊராட்சியில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) ஃபைபர் பெட்டியைப் பீரோவுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பேட்டரி. பச்சை லைட் எரியும்போது நெட் இருக்கிறது, கிளார்க் அண்ணன் சாயங்காலம் பூட்டிக்கொண்டு போகும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவார், காலையில் வந்து போட்டால் சில நாள் லைட் சிவப்பாகவே நிற்கும். போன மழைக்குத் தென்னை மட்டை விழுந்து கேபிள் அறுந்து, ஒட்டுப் போட ஆள் வர மூன்று வாரம். ஒரு நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகம் வரை கொடுக்கக்கூடிய லைன் அது. அந்த மூன்று வாரமும் பிறப்புச் சான்றிதழ் பதிவை கிளார்க் தன் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி ஊராட்சி வரை இலவசமாக வரும், அங்கிருந்து வீட்டுக்கு வருவது தானாக நடக்காது. யாராவது உள்ளூர் ஆள், பெரும்பாலும் பழைய கேபிள் டிவி ஆபரேட்டர், அந்த லைனை எடுத்து வீடுகளுக்கு இழுத்துக் கட்டணம் வாங்க வேண்டும். வீடுகள் நெருக்கமாக இருக்கிற ஊரில் ஆள் வருவார். பத்து வீடு இங்கே, பத்து வீடு வயக்காட்டுக்கு அந்தப் பக்கம் என்று கிடந்தால் கம்பிக்காசே தேறாது என்று கையை விரித்துவிடுவார்.

செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தண்ணீர், தெருவிளக்குக்குப் பிறகு இதையும் எழுந்து கேளுங்கள்: பெட்டி வேலை செய்கிறதா, பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் லைன் போயிருக்கிறதா? 2025 மத்திய பட்ஜெட்டில் கிராமப்புற அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பாரத்நெட்டில் இணைப்பு என்று அறிவித்திருக்கிறார்கள், அதைச் சொல்லிக் கேட்கலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும், வாயால் பேசிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் போதாது. அதற்கும் பதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது.

மாதம் 300 ரூபாய்தானே, உலகத்திலேயே மலிவு என்கிறார்கள். அதற்குக்கூடவா மானியம்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்கள். ஒரு ஜிபிக்கு என்று பார்த்தால் மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏழை வீட்டில் யாரும் ஜிபி கணக்கில் வாங்குவதில்லை, மொத்தமாக ஒரு நாளில் எடுத்துவைக்க வேண்டிய நோட்டுக் கணக்கில் வாங்குகிறார்கள்.

2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்தாற்போல விலையேற்றினபோது, தினம் ஒன்றரை ஜிபி, 28 நாள் பேக் ஒரு கம்பெனியில் 239-லிருந்து 299 ஆனது. மாதம் என்பது 28 நாளாக இருந்தால் வருடத்துக்கு 13 மாதம், கவனித்திருப்பீர்கள். ஒரு போனுக்கு 3,887 ரூபாய், வீட்டில் இரண்டு போன் என்றால் 7,774. மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வாங்குகிற வீட்டில் வருடத்துக்கு வருவது 12,000, அதில் பாதிக்கு மேல் இரண்டு சிம்முக்கே போகிறது. 28 நாள் கூத்தைப் பற்றி நிறையப் புகார் போய், 2022 ஜனவரியில் டிராய் ஒவ்வொரு கம்பெனியும் குறைந்தது ஒரு 30 நாள் பேக்காவது வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. இருக்கிறது, கடைக்காரர் அதை முதலில் சொல்லமாட்டார், நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

என் கடைக்கு ஓர் அக்கா வருவார். மடியில் சொளவு வைத்து இலை வெட்டி, தூள் போட்டு, சுற்றி, நூல் கட்டிக்கொண்டே பேசுகிறவர், கை நிற்காது. பீடிக்கடையில் வாரக் கணக்கு. சனிக்கிழமை கூலி வந்தால்தான் ரீசார்ஜ். பேக் செவ்வாய்க்கிழமை முடிந்துவிட்டால் நான்கு நாள் போன் ஊமை. போன வருஷம் அந்த நான்கு நாளில்தான் மகள் ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசித் தேதி. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் போட வேண்டியது, ஓடிபி வராமல் ஒன்றும் நகராது. என் கடையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை போனைப் பார்க்கிறாள், நான் திரையைப் பார்க்கிறேன், ஓடிபி வரவேயில்லை. கடைசியில் நானே ரீசார்ஜ் போட்டுவிட்டு, சனிக்கிழமை வாங்கிக்கொண்டேன். ஏழு நாள், பத்து நாள் என்று சின்னச் சின்னதாக நியாயமான விலையில் பேக் கிடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கட்சி. சின்ன பேக் இருக்கிறது, ஆனால் நாள் கணக்குப் போட்டால் பெரிய பேக்கைவிட அதுதான் விலை அதிகம். சீயக்காய் பாக்கெட் கதைதான்.

எங்கள் ஆச்சிக்கு நெட்டே வேண்டாம், பேசினால் போதும். அவருக்கும் டேட்டாவுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டுமா?

வேண்டாம். 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தி, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. செயலியில் தேடினால் எங்கேயோ அடியில் ஒளிந்திருக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ப்ரீபெய்டு நம்பரை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாவிட்டால் நிறுத்திவிடலாம், ஆனால் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு நீட்டிக்க வேண்டும் என்பது விதி. ஆதார், வங்கி, பென்ஷன் எல்லாம் அந்த நம்பரில் கிடக்கும். நம்பர் கைமாறிப் போனால் ஆச்சியின் ஓடிபி யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும், அதைச் சரிசெய்ய ஆதார் மையத்தில் வரிசையில் நிற்க வேண்டும், ரேகை விழவில்லை என்பார்கள், அது தனி ராமாயணம்.

கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது உண்டா?

நேரடியாக டேட்டா கொடுத்தது ஒரே ஒரு முறை. கொரோனா சமயத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஆன்லைன் வகுப்புக்காகத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டு, 9.69 லட்சம் மாணவர்களுக்கு மாநில அரசு அறிவித்துக் கொடுத்தது. அதோடு சரி. இப்போது இருப்பது மறைமுகமானவை: அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கிற பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். என் கடைக்கு வருகிற பிள்ளைகளைக் கேட்டால் அதில் முதல் செலவு ரீசார்ஜ், அடுத்து பஸ், மிச்சம் இருந்தால் புரோட்டா. இந்தப் பணத்தை நெட் மானியம் என்றே நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது, இடையில் நின்றது, 2025 மாநில பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருடத்தில் என்று மறுபடி அறிவித்தார்கள். நல்லதுதான். லேப்டாப்போடு ஒரு வருட டேட்டாவும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பைத் திறந்தால் அது தானாக அப்டேட் ஆரம்பித்து, தினத்து ஒன்றரை ஜிபியைப் பல் விளக்கி வருவதற்குள் தின்றுவிடுகிறது.

காசில்லாமல் நெட் கிடைக்கிற இடம் எது?

திருநெல்வேலி ஜங்ஷனில் ரெயில்வயர் வைஃபை. ஓடிபி போட்டால் தினம் 30 நிமிடம் இலவசம், ஒரு எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) வேகம்தான், ஃபார்ம் நிரப்பப் போதும், படம் பார்க்க ஆகாது. அதற்குமேல் வேண்டுமென்றால் 10 ரூபாயிலிருந்து தினசரி பேக் உண்டு. அப்புறம் நூலகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வைஃபை போட்டிருக்கிறதா என்று நூலகரிடமே கேளுங்கள். பல ஊரில் போர்டு வைக்கவில்லை.

டீக்கடையில் 5 ரூபாய்க்கு வைஃபை விற்கலாமாமே?

விற்கலாம், அதற்குப் பெயர் பிஎம்-வாணி, 2020 டிசம்பரில் ஒப்புதல் ஆன திட்டம். டீக்கடைக்காரரோ பலசரக்குக் கடைக்காரரோ லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. ஒரு பிராட்பேண்ட் லைன், ஒரு பெட்டி, ஓர் இடைத்தரகு நிறுவனத்தோடு ஒப்பந்தம், அவ்வளவுதான். எனக்கே ஆசை வந்து விசாரித்தேன். கடைக்கு லைன் கேட்டால் வீட்டு ரேட் கிடையாது, கமர்ஷியல் லைன்தான் என்று பல மடங்கு விலை சொன்னார்கள், விட்டுவிட்டேன். இந்தத் தொல்லை எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது போல, 2025 ஜூனில் டிராய் தலையிட்டு, 200 எம்பிபிஎஸ் வரைக்கும் இந்தக் கடைகளிடம் வீட்டு ரேட்டைப்போல இரண்டு மடங்குக்குமேல் வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது. மறுபடி விசாரிக்கப் போகிறேன்.

செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இலவசமாமே?

புனலூரில் சம்பந்தம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கே-ஃபோன் என்று அரசே ஒரு ஃபைபர் கம்பெனி நடத்துகிறது, 2023 ஜூன் 5-ல் தொடங்கினார்கள். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு, ஆனால் முதல் கட்டமாக எடுத்துக்கொண்டது தொகுதிக்கு 100 வீடு, 140 தொகுதிக்கு 14,000 வீடு. அதாவது சொன்னதற்கும் தொடங்கியதற்கும் நடுவில் ஆரியங்காவு கணவாய் அளவு இடைவெளி. ஆனாலும் ஆளுக்கு நேராக, வீட்டுக்கு நேராகக் கொடுக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள், அது இங்கே இன்னும் வரவில்லை.

அமெரிக்காவில் நெட் பில்லுக்கு மாதம் 30 டாலர் கொடுத்தார்களாமே?

கொடுத்தார்கள், நிறுத்தியும்விட்டார்கள். 2021 கடைசியில் தொடங்கி, சுமார் 2.3 கோடி குடும்பங்கள் சேர்ந்து, ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் அவர்கள் நாடாளுமன்றம் மேலே ஒதுக்காததால் 2024 ஜூன் 1-ல் முடிந்துபோனது. 1985-லிருந்து நடக்கிற லைஃப்லைன் என்கிற பழைய திட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது, அதில் மாதம் 9.25 டாலர். பட்ஜெட்டில் ஒரு தடவை போட்ட பணம் தீர்ந்தது, போன் பில்லிலிருந்தே நிதி வருகிற திட்டம் 40 வருடமாக ஓடுகிறது. நம்மிடம் இருக்கும் 5 சதவீத நிதி அந்த இரண்டாவது ஜாதி.

மலைப்பக்கம் டவரே எடுக்கவில்லை, அங்கே மானியம் வந்து என்ன செய்ய?

சரியான பேச்சு. பாபநாசம் தாண்டி மேலே ஏற ஏற சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு டவர் போட 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கி, வேலையை பிஎஸ்என்எல்லிடம் கொடுத்தார்கள். சமவெளியிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை: 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரைமீறியபோது கரண்டு போய், டவர் போய், பக்கத்துத் தெருவில் இருக்கிற அத்தை உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள நடந்தே போனோம்.

நெட் என்பது உரிமையா, சலுகையா?

2019 செப்டம்பரில், விடுதியில் போன் கூடாது என்ற விதியை எதிர்த்து ஒரு மாணவி போட்ட வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2020 ஜனவரியில், காஷ்மீரில் இணையத்தை முடக்கியதை எதிர்த்துப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையம் வழியாகப் பேசுவதற்கும் தொழில் செய்வதற்கும் அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. இதை வைத்து இலவச நெட் கொடு என்று கேட்க முடியாது. அரசு தடுக்கக் கூடாது என்பதற்குத்தான் இது உதவும்.

வருமானச் சான்றிதழ் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா? திட்டம் வந்தால் உதவுமே?

நெட்டுக்காக எடுக்க வேண்டாம். இ-சேவையில் 60 ரூபாய், ஒரு வருடத்தில் காலாவதி. ஸ்காலர்ஷிப்புக்கு வேண்டுமென்றால் எடுங்கள். அதைவிட முக்கியம், ஆதாரில் இருக்கும் நம்பரும் கையில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்து வைப்பது. கம்பெனிமேல் புகார் என்றால் முதலில் 198, மாநில அரசுத் திட்டம் பற்றி என்றால் 1100.

சரி அண்ணாச்சி, உங்கள் கடை வைஃபையையாவது சும்மா தருவீர்களா?

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்றைக்கு மட்டும். பாஸ்வேர்டு கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும். மறுநாள் மாற்றிவிடுவேன்.